நான்காம் நகர்வில் ஒரு குதிரை

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். லாரியில் வந்து இறங்கும் பழத்தை நம்பக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் முதலில் கற்றது. மேலே இருக்கிற தோத்தாபுரி மாம்பழம் நல்ல மஞ்சளாக இருக்கும். கையை அடிவரை விட்டுத் துழாவினால் கல் மாதிரி காய் தட்டுப்படும். ஓட்டுநர் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரோ அவ்வளவு ஆழமாகக் கையை விட வேண்டும். என் கணவர் மண்டல அலுவலகத்தில் சர்வேயர். எல்லைக்கல் எங்கே நடப்பட்டது, யார் பிடுங்கி நகர்த்தினார்கள் என்று நாள் முழுக்க யோசிக்கிற மனிதர். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

சீசன் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் ஆலை அடங்கிவிடும். டிரம்களில் அடைத்து வைத்த கூழில் வாரத்துக்கு இரண்டு மாதிரி எடுத்துப் பார்த்தால் என் வேலை தீர்ந்தது. அந்த வருஷம் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்க ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு மெக்கானிக் வந்தார். வரதய்யபாளையத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முதல் வாரமே மதிய இடைவேளையில் கருவிப் பையிலிருந்து ஒரு காந்தச் சதுரங்க அட்டையை எடுத்து, தனியாகக் காய்களை அடுக்கி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

நான் பள்ளியில் படிக்கும்போது ஜில்லா அளவில் செஸ் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. மகள் பெங்களூரில் வேலைக்குப் போனபின் போனில் அவ்வப்போது ஆடுவேன், அவ்வளவுதான். அட்டையைப் பார்த்ததும் கை பரபரத்தது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பரிசோதனைக் கூடத்தின் கதவு எப்போதும் திறந்திருக்கும், உள்ளே என்னோடு வேலை செய்கிற பெண்ணும் இருந்தாள். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு இதையெல்லாம் சொல்ல வேண்டி வந்தது.

முதல் ஆட்டத்தில் அவர் வெள்ளை. இரண்டு பேரும் ராஜா முன்னாலிருந்த சிப்பாயை நகர்த்தினோம், இரண்டு பேரும் குதிரைகளை வெளியே கொண்டுவந்தோம். எல்லோரும் ஆடுகிற மாதிரி, தூக்கம் வருகிற மாதிரியான தொடக்கம். நான்காவது நகர்வில் அவர் ஒரு குதிரையை எடுத்து, என் நடுச்சிப்பாயை வெட்டி அங்கே வைத்தார். அந்தச் சிப்பாய்க்கு என் குதிரையின் காவல் இருந்தது. சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம். ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரையை யாராவது கொடுப்பார்களா?

பெண்பிள்ளை என்று எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். முகம் சுட்டது. தெரிந்துதான் வைத்தீர்களா, திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

“உங்கள ஜெயிக்க வுட எனக்கு இன்னா வேண்டுதலா மேடம்? குதிரைய துன்னுங்க. அப்பறம் பாக்கலாம்.”

தின்றேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் புரியவே இல்லை. அவருடைய நடுச்சிப்பாய்கள் இரண்டும் அடுத்தடுத்து முன்னே வந்து என் குதிரைகளை விரட்டின. ஒன்று ஓரமாக ஒதுங்கியது, இன்னொன்று புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி ஓடியது. என்னிடம் ஒரு காய் அதிகம். ஆனால் அசைய இடமில்லை. இருபது நகர்வுக்குள் என் ராஜா நட்ட நடுவில் மாட்டிக்கொண்டது. அடுத்த நாளும் அதே குதிரை, அதே முடிவு. மூன்றாம் நாளும்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனிதர் போனைப் பார்த்து ஆடுகிறார் என்று நினைத்தேன். என்னைவிட நன்றாக ஆடும் ஆளுக்குக் குதிரையைத் தூக்கிக் கொடுக்க அவசியமில்லை, மோசமாக ஆடும் ஆளுக்கு அதற்குத் துணிவிருக்காது. அப்படியானால் பின்னால் வேறு எதுவோ இருக்கிறது. அவர் மடியைக் கவனித்தேன், கருவிப் பையைக் கவனித்தேன். என் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் ஏதாவது தெரிகிறதா என்று நாற்காலியை மாற்றிப் போட்டேன். கடைசியில் ஒருநாள் வெட்கத்தை விட்டு, போனை மேசைமேல் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆடுங்கள் என்றே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை வைத்தார், கருவிப் பையையும் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தார். அன்றைக்குத்தான் மிகச் சீக்கிரம் தோற்றேன்.

இது என்ன ஆட்டம், எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். நாயுடுபேட்டையில் ஒரு ஐஸ் ஆலையில் இருந்தபோது பகலில் மணிக்கணக்கில் கரண்ட் போகுமாம். அந்த நேரத்தில் ஆடி ஆடிக் கண்டுகொண்டாராம். எனக்கும் சொல்லுங்கள் என்றதற்கு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“சொன்னா என்கிட்டயே ஆடுவீங்க. நீங்களே தேடிக்கோங்க மேடம்.”

தேடினேன். நகர்வுகளைப் போனில் தட்டிப் பார்த்ததும் பெயர் வந்தது, ஹாலோவீன் காம்பிட். வெள்ளைக்காரர்கள் பேய் வேஷம் போட்டு ஆடுகிற திருவிழாவின் பெயர். தொடக்கத்திலேயே ஒரு காயைப் பலி கொடுத்து, அதற்குப் பதிலாக வேகத்தையும் இடத்தையும் வாங்குவதற்குத்தான் காம்பிட் என்று பெயர். பெரும்பாலும் ஒரு சிப்பாயைத்தான் கொடுப்பார்கள். இது முழுக் குதிரை. கணினியிடம் கேட்டால் வெள்ளை தோற்கும் நிலை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் இத்தனை நாளாகத் தோற்றது ஒரு தப்பான ஆட்டத்திடம்.

சமையலறையில் குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு வீடியோ பார்ப்பேன். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு தோசை வார்ப்பேன். பழைய பரிசோதனைக் குறிப்பேடு ஒன்றின் பின்பக்கத்தில் நகர்வுகளை எழுதினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து, ஒரு எண். பக்கம் பக்கமாக அவைதான், நடுநடுவே ஆச்சரியக்குறி, கேள்விக்குறி. போனில் முகம் தெரியாதவர்களிடம் அதை ஆடிப் பார்த்து முதலில் வரிசையாகத் தோற்றேன். குதிரை போய்விட்டதே என்ற பயத்தில், போன காயை உடனே மீட்கப் பார்த்தேன், அதனால் தோற்றேன். மீட்கக் கூடாது, சும்மா முன்னேற வேண்டும் என்பது பழகவே ஒரு மாதம் ஆயிற்று.

பழகியபின் ஒரு விஷயம் தெரிந்தது. எதிராளியைத் தோற்கடிப்பது என் காய்கள் இல்லை. இலவசமாக ஒரு குதிரை கிடைத்ததும் அவருக்கு என்மேல் சந்தேகம் வருகிறது. எங்கேயோ குழி தோண்டியிருக்கிறாள் என்று ஒவ்வொரு கட்டத்தையும் உற்றுப் பார்க்கிறார். குழி இல்லாத இடத்திலும் கால் வைக்கப் பயப்படுகிறார். நான் மெக்கானிக்கின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

அக்டோபரில் ஒருநாள் அவரிடமே அதை ஆடினேன். அவர் சிரித்துக்கொண்டே குதிரையை வெட்டினார். நான் சிப்பாய்களால் விரட்டினேன், அவரும் சொல்லி வைத்த மாதிரி பின்வாங்கினார். பிறகு யோசிக்காமல் ஒரு சிப்பாயைத் தூக்கி என் பிஷப்பின் வாயில் வைத்தார். அதை வெட்டியதும் என் வேகமெல்லாம் நின்றுபோயிற்று. குதிரை மட்டும் அவரிடம் மிச்சம். அதற்கு மருந்து தனக்குத் தெரியும் என்றார். தெரியாதவர்களிடம் போய் ஆடுங்கள், திருப்பதியில் ஒரு போட்டி வருகிறது, விவரம் அனுப்புகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் என் போன் கவிழ்ந்து கிடந்தது. நான் போனைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் இல்லாதவள். எடுத்துப் பார்த்தால் மெக்கானிக்கிடமிருந்து செய்தி. ‘ஞாயிறு. திருப்பதி. 9 மணி. வந்துடுங்க.’ கூடவே போட்டி அறிவிப்பின் படம், ஆனால் அது தரவிறங்காமல் மங்கலாக ஒரு சதுரமாக நின்றது. கணவர் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் செஸ் போட்டிக்கா என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அதைவிட, இவர் என் போனைப் பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. நானாகச் சொன்னால் அது தெரியாமலே போய்விடும். வேலை இடத்துப் பெண்ணோடு திருச்சானூர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்தேன். சரி, போய்ட்டு வா என்றார். வழக்கமாக எந்தக் கோயிலுக்கும் ஆயிரம் கேள்வி கேட்கிறவர். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

“இன்னாமே, எந்நேரமும் போனையே பாத்துக்கினு கீறே? அப்படி இன்னா இருக்குது அதுல?”

சமையல் குறிப்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. நீளமான மேசைகள், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள், பார்வையாளர்கள் தாண்டாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். புடவையில் ஆட வந்தவள் நான் ஒருத்திதான், எந்தப் பிள்ளையின் அம்மா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். முதல் மூன்று சுற்றில் இரண்டில் ஜெயித்து ஒன்றில் தோற்றேன். அந்த மூன்றிலும் காம்பிட் ஆட வாய்க்கவில்லை.

நான்காவது சுற்றில் எனக்கு வெள்ளை. எதிரே வங்கி ஊழியர் மாதிரி நேர்த்தியாகச் சட்டையை உள்ளே விட்ட ஒருவர். முதல் மூன்று நகர்வும் நான் வேண்டிக்கொண்ட மாதிரியே வந்தன. நான்காவது நகர்வில் குதிரையைக் கொடுத்தேன். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

நானும் திரும்பினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றிருந்தார்.

அவர் என் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் இருக்கிற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி என்றால் அவருக்கு ஆகாது, மூக்கைத் தேய்ப்பார், இருமுவார், காதைத் தொடுவார். அன்றைக்கும் அதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். கையில் போன் இருந்தது. எதிராளி குதிரையை வெட்டிவிட்டு இரண்டு நகர்வு பொறுத்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்தார். இந்த மேடத்துக்குப் பின்னால் நிற்கிறவர் சைகை காட்டுகிறார், இல்லாவிட்டால் இப்படி ஒரு ஆட்டத்தை யாரும் ஆடமாட்டார்கள் என்று தெலுங்கில் சொன்னார்.

நடுவர் என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். “மேடம், ஆயன மீகு ஏமவுதாரு?”

அவர் எனக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு, கணவர் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே குற்றவாளியின் குரல் மாதிரி கேட்டது. எங்கள் இருவரையும் ஓரத்திலிருந்த மேசைக்கு அழைத்துப் போனார்கள். எதிராளியும் வந்தார். நடுவர் கணவரிடம் செஸ் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார். போனைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவர் காட்டத் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது, இதில் வேறு ஏதாவது இருக்குமோ என்று. கடைசியில் திறந்தார்.

படங்களில் முதலாவதாக இருந்தது என் குறிப்பேட்டின் பக்கம். நடுவர் விரலால் தள்ளத் தள்ள வரிசையாகப் பக்கங்கள் வந்தன. இப்போது பலகையில் நிற்கிற அதே நகர்வுகள், என் கையெழுத்தில், ஆச்சரியக்குறிகளோடு. எதிராளி ‘பார்த்தீர்களா’ என்பதுபோலக் கையை விரித்தார். போட்டியை விட்டே வெளியேற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். இவற்றை நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்களா என்று நடுவர் என்னிடம் கேட்டார். என் நோட்டை இவர் எப்போது படம் எடுத்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கணவர்தான் பேசினார். தெலுங்கில் ஆரம்பித்தவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார்.

“அவுங்களுக்குத் தெரியாது சார். நான்தான் தெரியாம எடுத்தேன். இது இன்னா எழுத்துன்னு எனக்குப் புரியல. யாருக்கோ ஏதோ எழுதுறாங்கன்னு நெனச்சேன். அதப் பாக்கத்தான் வந்தேன்.”

நடுவருக்குப் புரிந்துவிட்டது, எதிராளிக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன். நடுவர் கணவரிடம் போனை அணைக்கச் சொல்லி, மண்டபத்துக்கு வெளியே போகச் சொன்னார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் யாருடைய முறை என்றே மறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் எதிரே இருந்தவர் என்னைவிட மோசமாக இருந்தார். தப்பாகப் புகார் சொன்ன சங்கடம் ஒரு பக்கம். எல்லாம் அந்த நோட்டில் முன்பே எழுதி வைத்திருக்கிறாளே, எந்தக் காயைத் தொட்டாலும் அதற்குப் பதில் இருக்குமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஒருமுறை நான் தப்பாக ஒரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிட்டேன். சும்மா எடுத்திருக்கலாம். நான்கு நிமிஷம் யோசித்து, எடுக்காமல் ராஜாவை ஒதுக்கினார். என் யானை நடுக்கோட்டில் இறங்கியதும் ஆட்டம் முடிந்தது. கை கொடுக்கும்போது மன்னிச்சிடுங்க மேடம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மிச்ச மூன்று சுற்றில் இரண்டில் தோற்றேன், ஒன்று டிரா. வெளியே வந்தபோது கணவர் ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில், வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டாயா என்றார். நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன், அவர் பின்னால் வந்தார். பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன். எப்படி இந்த மண்டபம் என்று தெரிந்தது? செய்தியில் இடத்தின் பெயர் இல்லையே.

நேற்று ஆலை வாசலுக்குப் போய் மெக்கானிக்கையே கேட்டாராம்.

“செஸ் போட்டின்னு அவரு சொன்னாரா?”

“சொன்னான். எடமும் சொன்னான்.”

“சொன்னப்பறமும் எதுக்கு வந்தீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பூதலப்பட்டில் பஸ் நின்றபோதுதான் சொன்னார்.

“அவனும் வருவானான்னு பாக்க வந்தேன்.”

செஸ் போட்டி என்று தெரியாமல் வந்தார் என்பதைத்தான் நான் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் வந்திருக்கிறார். சித்தூர் வந்து இறங்கும்வரை நானும் ஜன்னலையே பார்த்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மேசை முன்னால், நாலு பேருக்கு நடுவில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. மனைவிக்கு உதவ வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நல்ல கணவர், நான் ஏமாற்றுக்காரி. அவர் அதைச் சொல்லவில்லை. கோபம் உச்சியில் இருந்தபோதும் இதை என்னால் கழித்துவிட முடியவில்லை.

திங்கட்கிழமை மதியம் மெக்கானிக் பரிசோதனைக் கூடத்துக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கம்ப்ரஸர் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். புதன்கிழமை நானே போய்க் கேட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் இல்லை மேடம், உங்க வீட்டு சார் வந்திருந்தாரு, ஆட்டமெல்லாம் வேணாம்னு சொன்னாரு என்றார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையைச் சொல்லவும் அன்றைக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், இப்போதே என் முன்னால் மெக்கானிக்குக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். முடியாது என்றார். நான் சமைக்கவில்லை. மறுநாளும் சமைக்கவில்லை, பேசவும் இல்லை. ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்து எனக்கும் ஒரு பொட்டலம் வைத்தார், நான் தொடவில்லை. மூன்றாம் நாள் அவராகவே போனை எடுத்து மேசைமேல் வைத்து எண்ணை அழுத்தினார். நான் தப்பா நெனச்சிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க என்று சொன்னார். அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பரவால்ல சார் என்று குரல் வந்தது.

பரவாயில்லை என்றாலும் மெக்கானிக் ஆட வரவில்லை. பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்து போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும் வாசலில் நின்றபடி சொல்லிக்கொண்டார். நல்லா ஆடுங்க மேடம் என்றார். நான் தலையாட்டினேன்.

ஏப்ரலில் சித்தூரிலேயே ஒரு போட்டி நடந்தது. இந்த முறை கணவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டேன். இடம், நேரம், எத்தனை சுற்று, எல்லாம். அவரே வண்டியில் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் விட்டார். ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். அன்றைக்கு ஏழில் ஐந்து ஜெயித்தேன், அதில் இரண்டு காம்பிட்டில். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், என் முறை இல்லாதபோதெல்லாம், திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே யாரும் இல்லை.